பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகள் பழைய சாமான் விற்பனையில் ஒரு கரண்டி செட் பார்த்திருக்கிறாள். பின்னால் '1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்' என்று பொறித்திருக்கிறதாம். நிஜ வெள்ளியா? அவ்வளவு பழசா? வாங்கச் சொல்லட்டுமா?
– வாசகி, வெதுருகுப்பம்

பதில்: வாங்கச் சொல்லுங்கள் அம்மா. ஆனால் வெள்ளி விலை கொடுக்க வேண்டாம். அது வெள்ளி முலாம் பூசியது. உள்ளே இருப்பது பெரும்பாலும் செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த ஜெர்மன் சில்வர்தான். நாளைக்குச் சித்தூர் நகைக்கடையில் எடைக்குப் போட்டால் ஒன்றும் தேறாது.

1847 என்பது செய்த ஆண்டும் அல்ல. கனெக்டிகட் மாநிலத்து ரோஜர்ஸ் சகோதரர்கள் முலாம் சாமான் விற்கத் தொடங்கிய ஆண்டு அது. பிறகு வணிகப் பெயராகவே நிலைத்துவிட்டது. அதே பெயரில் 'ஃபர்ஸ்ட் லவ்' என்ற பூவேலைப்பாடு வந்தது 1937இல்தான். எனவே வயதைத் தெரிந்துகொள்ள வேலைப்பாட்டின் பெயரை விசாரிக்கச் சொல்லுங்கள்.

அமெரிக்க வெள்ளியில் பெரும்பாலும் 'ஸ்டெர்லிங்' அல்லது '925' என்று இருக்கும். 'ஏ1', 'டிரிபிள் பிளேட்', 'குவாட்ருபிள் பிளேட்' என்றிருந்தால் முலாம்தான். மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்பதெல்லாம் பூச்சின் கனத்தைச் சொல்வது. வெள்ளியின் சுத்தத்தை அல்ல.

பணம் கொடுக்குமுன் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்க்க வேண்டும். மேஜையில் உரசும் கரண்டிக் குழியின் அடிப்பக்கமும் முள்கரண்டியின் முனைகளும்தான் முதலில் தேயும். அங்கே மஞ்சளோ சாம்பலோ தெரிந்தால் பூச்சு போய்விட்டது. அதில் புளிப்பான பண்டம் பரிமாறக் கூடாது. கறுத்திருப்பது குறை அல்ல, துடைத்தால் போகும். தேய்ந்த இடம் திரும்பாது. மறுமுலாம் போடும் செலவு செட்டின் விலையையே தாண்டலாம். கத்தியின் பிடி ஆடுகிறதா என்றும் அசைத்துப் பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு வெள்ளி விளக்கைப் போல விபூதி போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் முலாம் கரையும். அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் வெந்நீரும் சமையல் சோடாவும் விட்டு, கரண்டிகள் தாளில் படும்படி சில நிமிடம் வைத்தால் கறுப்பு நீங்கும். கத்திகளை மட்டும் ஊறவைக்க வேண்டாம், பிடியின் பசை இளகும். ஊறுகாயில் கரண்டியை விட்டுவைக்காதீர்கள், உப்பு அரிக்கும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள். அதிலுள்ள கந்தகம் கறுப்பாக்கும். மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

முதலீடாக நினைத்தால் வேண்டவே வேண்டாம். பண்டிகை நாளில் எடுத்துப் பரிமாற ஆசையென்றால், முலாம் முழுசாக இருக்கும் செட்டைப் பேரம் பேசி வாங்கட்டும். நீங்கள் விலை கொடுப்பது வேலைப்பாட்டுக்கு; அதை மனதில் வைத்தால் ஏமாற மாட்டீர்கள்.