காட்டோரத்திற் கம்பிச் சுருக்கு வைக்கலாகாது

மஸ்கெலியா, நல்லதண்ணிப் பகுதிகளில் தேயிலை முடியுமிடத்திற் சிவனொளிபாதமலைக் காடு தொடங்குகின்றது. 1940ஆம் ஆண்டில் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட இக்காடு, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றுடன் 2010இல் உலக மரபுரிமைத் தலமாயிற்று.

காட்டின் பயன்

மலையின் உயர்ந்த பாகங்களில் மரங்கள் குட்டையாய்ப் பாசி போர்த்து நிற்கும். மூடுபனியின் ஈரத்தை இலையும் பாசியும் பற்றி, துளித்துளியாய் நிலத்தில் விடுகின்றன. மழையற்ற நாட்களிலும் பீலிகளில் நீர் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தை நிரப்பும் மஸ்கெலிய ஓயாவுக்கும் இம்மலைகளே நீர் தருகின்றன.

சிறுத்தையின் தொழில்

இலங்கைக் காடுகளிற் சிங்கமும் வரிப்புலியும் இல்லை. சிறுத்தையே தலையாய ஊனுண்ணி. மரையையும் காட்டுப்பன்றியையும் உண்டு, அவை அளவுக்கு மிஞ்சிப் பெருகாமல் அது தடுக்கின்றது. ஆகவே, மரக்கறி பயிரிடுவோருக்குச் சிறுத்தை பகையன்று.

சுருக்கினால் வரும் கேடு

உருளைக்கிழங்குப் பாத்தியை ஒரே இரவிற் கிளறிவிடும் பன்றியால் வரும் நட்டம் சிறிதன்று. ஆயினும் கம்பிச் சுருக்குப் பன்றியையும் சிறுத்தையையும் பிரித்தறியாது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் அகப்பட்டது. மீட்டுச் சிகிச்சை அளித்தும் சில நாட்களில் இறந்தது. சிறுத்தை, 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தினாற் காக்கப்பட்ட விலங்கு என்பதையும் அறிதல் வேண்டும்.

செய்யவேண்டியவை

1. தோட்டத்தைச் சுற்றி வலைக்கம்பி வேலி இடுக. பன்றி கிளறி நுழையாதபடி அதன் அடிப்பாகத்தை ஓரடி ஆழத்திற்குப் புதைக்க.

2. அழுகிய கிழங்கு, கோவா இலை முதலிய கழிவுகளைப் பசளைக் குழியிலிட்டு மண்ணால் மூடுக. அவற்றின் வாசனையே பன்றியை அழைக்கும்.

3. லயத்தருகே குப்பை சேரவிடற்க. குப்பையை நாடி நாய் வரும். நாயை நாடிச் சிறுத்தை வரும். நாயையும் கன்றையும் இரவில் அடைத்து வைக்க.

4. காட்டோர மலைகளிற் கொழுந்து பறிக்கக் கூட்டமாகவும் ஓசை எழுப்பியும் செல்க. குட்டிகளைக் கண்டால் தொடாது விலகுக; தாய் அருகிலிருக்கும்.

5. சுருக்கில் அகப்பட்ட விலங்கை நெருங்கற்க. தோட்ட நிருவாகத்திற்கும் வனசீவராசிகள் திணைக்களத்திற்கும் உடனே அறிவிக்க.

வேலிக்குச் செலவும் உழைப்பும் வேண்டும் என்பது உண்மையே. அயலவர் பலர் கூடி, அடுத்தடுத்த பாத்திகளை ஒரே வேலிக்குள் அடைப்பின் ஒவ்வொருவர் பங்கும் குறையும். இப்போகம் நடுவதற்கு முன்னரே இதனைக் கூடிப் பேசி முடிவு செய்க.