மடி எங்கே?

அன்புள்ள தம்பிக்கு,

பாக் நீரிணை மீனவர்களைப் பற்றிய உன் ஆவணப்படத் திட்டத்தைப் படித்தேன். கைது, சிறை, கதறும் தாய், சாலை மறியல் எல்லாம் இருக்கின்றன. அந்தத் துயரம் உண்மை, விட்டுவிடாதே. ஆனால் மடி எங்கே?

விசைப்படகு இழுத்துச் செல்லும் இழுவை மடி வலையை அருகில் போய்ப் பார். இரண்டு பலகைகள் அதன் வாயை விரித்துப் பிடிக்கும். அடிக்கயிற்றின் பாரம் கடல் தரையை உரசிக்கொண்டே போகும். மடியை அவிழ்த்துக் கொட்டியதும் எல்லோரும் இறாலைத்தான் படம் பிடிப்பார்கள். நீ, இறாலைப் பொறுக்கிய பிறகு மிஞ்சும் குவியலில் கேமராவை நிறுத்து. விரல் நீளக் குஞ்சு மீன், ஓடு இறுகாத நண்டு, கடற்புல். சங்காயம் என்று காயவைத்துத் தீவனத்துக்கு அனுப்புவார்கள். வளர்ந்து நாட்டுப்படகுக்காரர் வலையில் விழவேண்டிய மீன் அது.

இந்த மடி எப்படி வந்தது? மீன்பிடியை நவீனமாக்கும் இந்தோ-நார்வே திட்டம் 1953இல் கேரளத்தில் தொடங்கியது. பிறகு இறால் ஏற்றுமதிக்காக அரசே மானியம் கொடுத்து விசைப்படகுகளைப் பெருக்கியது. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் அவை மீன் பிடிக்கக்கூடாது என்று 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் விதித்தது. பாக் நீரிணையின் குறுகலான இடங்களில் அதைத் தாண்டிக் கொஞ்சம் ஓட்டினாலே இலங்கையுடனான கடல் எல்லைக்கோடு. 2009இல் இலங்கையில் போர் முடிந்து யாழ்ப்பாண மீனவர்களும் மன்னார் மீனவர்களும் கடலுக்குத் திரும்பினார்கள். அவர்கள் கடன் வாங்கிப் போட்ட வலைகளை நம் படகுகள் அறுத்துக்கொண்டு போயின. 2017இல் இலங்கை இழுவை மடியையே தடை செய்தது. அந்த மீனவர்களும் தமிழர்கள்தான், தம்பி. அவர்களைக் கேட்காமல் எடிட்டிங்குக்கு உட்காராதே.

அதற்காகப் படகில் கூலிக்குப் போகும் பையனை வில்லனாக்கிவிடாதே. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அவனைக் கட்டிப்போட்டிருக்கும். பிடிபட்டால் சிறைக்குப் போவதும் அவன்தான். முதலாளியிடம் டீசல் கணக்கைக் கேள், எல்லை தாண்டுவதற்கான காரணம் பாதி அதிலேயே இருக்கும். 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற்றும் திட்டம் 2017இல் வந்தது. மானியம் போக ஒரு படகுக்குப் பல லட்சம் கடன். அதில் யார் சேர்ந்தார்கள், யார் ஒதுங்கினார்கள் என்று விசாரி.

ஏலம் நடக்கும் இடத்தில் கூடைக்காரப் பெண்களோடு ஒரு காலை நில். நாட்டுப்படகு மீனை அவர்களால் ஏலம் எடுக்க முடியும். விசைப்படகு இறாலோ கம்பெனி ஏஜெண்டின் ஐஸ் பெட்டிக்குப் போய்விடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஆட்களுக்குப் பேச நேரம் இருக்கும்; அப்போது போய்த் தங்கு. படம் முடிந்ததும் விழாக்களுக்கு அனுப்பும் முன் பாம்பனில் ஒரு முறை, மன்னார் பேசாலையில் ஒரு முறை போட்டுக் காட்டு.

அன்புடன்,
அக்கா