உசாத்துணைக் கட்டுரையைச் செவ்விதாக்குதல்



ஒரு விடயத்தை அறிய நாம் புரட்டும் கலைக்களஞ்சியம், அகராதி போன்றவை உசாத்துணை நூல்கள் எனப்படும். யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை தொகுத்த ‘அபிதான கோசம்’ 1902 இலும், ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ 1910 இலும் வெளிவந்தன. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். ஆகவே செவ்விதாக்கம் பதிப்பாசிரியருக்கு மட்டும் உரிய வேலையன்று. அது உங்களுக்கும் உரியது.

செவ்விதாக்கத்தின் நோக்கங்கள் மூன்று: தெளிவு, சுருக்கம், நடுநிலை. பின்வரும் பந்தியை நோக்குவோம்.

திருத்தத்திற்கு முன்:
“முத்தமிழ் வானில் முழுநிலவாய்ப் பிரகாசித்த ஒப்பற்ற மேதை சுவாமி விபுலானந்தர் அவர்கள், கிழக்கிலங்கை செய்த தவப்பயனாய்க் காரைதீவிலே அவதரித்தார்கள். அன்னார் ஆற்றிய தமிழ்த் தொண்டுகள் எண்ணிலடங்கா. உலகமே வியக்கும் யாழ் நூலை எழுதும் பணியினை மேற்கொண்டு அதனை நிறைவு செய்தபின் இறைபதம் எய்தினார்கள்.”

திருத்திய பின்:
“சுவாமி விபுலானந்தர் (1892–1947) தமிழறிஞர், இராமகிருஷ்ண மிஷன் துறவி. காரைதீவிற் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். பண்டைத் தமிழிசையையும் யாழ்க் கருவிகளையும் ஆராயும் இவரது ‘யாழ் நூல்’ 1947 இல் வெளியானது.”

விளக்கம்:
முதற் பந்தியில் தொண்டுகள் “எண்ணிலடங்கா” எனப்பட்டன. ஆனால் யாழ் நூலைத் தவிர வேறொன்றும் கூறப்படவில்லை. அந்நூல் எதைப் பற்றியது என்பதும் இல்லை. அவர் பெயரையே கேட்டிராத ஒருவர் அதைப் படித்தால், எழுதியவர் அவரை மதிக்கிறார் என்பதை மட்டுமே அறிவார். ஏன் மதிக்க வேண்டும் என்பதை இரண்டாவது பந்தியே அறிவிக்கிறது. புகழ்மொழியை நீக்குவது பெரியோரைச் சிறுமைப்படுத்துவதாகாது. அவர் செய்ததைச் சரியாகச் சொல்வதே அவருக்குச் செய்யும் மரியாதை.

கவனிக்க வேண்டியவை:
1. புகழ்ச்சி, இகழ்ச்சிச் சொற்களை நீக்குக. அவை இருந்த இடத்தில் ஒரு செய்தியைத் தேடி வைக்குக.
2. “எழுதும் பணியினை மேற்கொண்டார்” என்பதை “எழுதினார்” எனச் சுருக்குக.
3. “அண்மையில்”, “தற்போது” என்பன நாளடைவிற் பொய்யாகும். ஆண்டைக் குறிப்பிடுக.
4. “சிறந்த நூல்” என்பது கருத்து. யாருடைய கருத்து எனக் காட்ட இயலாவிடின் நீக்குக.
5. “பிறந்தார்” என்பதே போதிய மரியாதை. “அவதரித்தார்கள்” வேண்டியதில்லை; நடுநிலை எனக் கருதிப் “பிறந்தான்” என எழுதுவதும் தவறு.
6. ஐயமான செய்தியை ஊகித்து நிரப்பாதீர்கள். உறுதி செய்த பின்னரே சேர்க்க வேண்டும்.

பயிற்சி:
தெஹிவளையை அடுத்துள்ள களுபோவில பற்றி மாணவர் ஒருவர் எழுதியதாகக் கொள்வோம். விடையைப் பார்க்குமுன் நீங்களே திருத்தி எழுதுக.

“களுபோவிலயிலே கம்பீரமாய்த் தலைநிமிர்ந்து நிற்கும் கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலையானது ஏழை எளியோரின் கண்கண்ட தெய்வமாகத் திகழ்வதோடு மாத்திரமல்லாது, மருத்துவ மாணவர்களுக்குப் பயிற்சி வழங்கும் மகத்தான பணியினையும் மேற்கொண்டு வருகின்றது.”

மாதிரி விடை:
“கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை களுபோவிலயில் உள்ள அரச வைத்தியசாலை. இங்கு இலவசமாகச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் இங்கு பயிற்சி பெறுகின்றனர்.”

“கண்கண்ட தெய்வம்” என்ற தொடரை வெறுமனே வெட்டியிருந்தால் ஓர் உண்மையும் அதனுடன் போயிருக்கும். ஏழைகள் ஏன் அங்கு செல்கின்றனர் எனக் கேட்டபோதுதான் “இலவசச் சிகிச்சை” என்ற செய்தி கிடைத்தது. “மருத்துவ மாணவர்கள்” யார் எனக் கேட்டபோது பல்கலைக்கழகத்தின் பெயர் கிடைத்தது. ஆகவே ஒரு சொல்லை வெட்டுமுன், அது எதை மறைத்து நிற்கிறது எனக் கேளுங்கள்.

நினைவிற் கொள்க:
பரீட்சையிற் கட்டுரை எழுதி முடித்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, மேற்கூறிய ஆறு விதிகளையும் கொண்டு உங்கள் விடையை நீங்களே ஒருமுறை செவ்விதாக்குங்கள்.