பேஸ் கிட்டார் கம்பியை எப்போது மாற்றுவது?



போன மாதம் சபைக் கணக்கு வாசிக்கும்போது "கிட்டார் கம்பி" என்ற செலவைக் கேட்டுச் சிலர் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். அறுந்துபோகாத கம்பியை ஏன் மாற்ற வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் பதிலுக்கு முன் என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பேஸ் வாசிக்கிற நம்ம தம்பி ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை முடித்து, 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி ப்ராக்டீசுக்கு வருகிறவன். சுருதி விலகுகிறது என்று எல்லார் முன்னாலும் அவனைக் கடிந்துகொண்டேன். "ட்யூன் பண்ணிட்டுத்தான் பாஸ்டர் வாசிக்கிறேன்" என்றான். நான் நம்பவில்லை. பிறகு போனில் ட்யூனரை வைத்துப் பார்த்தோம். வெறும் கம்பி சரியாக நின்றது. 12-வது ஃப்ரெட்டில் அழுத்தினால் விலகியது. கம்பியைத் தாங்கும் பிரிட்ஜை யாரும் தொடவில்லை, முன்பு சரியாக இருந்த கிட்டார். அப்படியானால் கம்பியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பேஸ் கம்பி ஒற்றைக் கம்பி அல்ல. நடுவில் ஒரு உருக்குக் கம்பி, அதைச் சுற்றி இன்னொரு கம்பி. சுற்றின் இடுக்கில் கைவேர்வையும் எண்ணெயும் அழுக்கும் அடைகிறது. கம்பியின் எடை இடத்துக்கு இடம் மாறுகிறது, அதிர்வு சமமாக ஓடுவதில்லை. தடித்த ஈ கம்பி நொடிக்கு 41 தரம் அதிர வேண்டியது, "மொத்" என்று விழுந்து அடங்கிவிடும். கம்பிக்கு அடியில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ஃப்ரெட் பட்ட இடங்களில் பள்ளம் தட்டினால் அதற்கு வைத்தியமில்லை.

ஆனால் மங்கின சத்தம் வேறு, செத்த கம்பி வேறு. 1960-களில் அமெரிக்காவின் மோட்டவுன் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், அறுந்தாலொழிய கம்பி மாற்றமாட்டாராம். அவருடையது தட்டையாகச் சுற்றிய கம்பி; அந்த மங்கலான சத்தமே அவருக்கு வேண்டியிருந்தது. தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசிலுக்கோ கணீரென்று கேட்க வேண்டும். 1966-ல் ரோட்டோசவுண்ட் கம்பெனியோடு சேர்ந்து அதற்கேற்ற உருண்டைச் சுற்றுக் கம்பியை உண்டாக்கினார். நம்முடையதும் அந்த வகைதான். சீக்கிரம் மங்கும். ஆகவே மூன்று மாதம், ஆறு மாதம் என்று காலண்டர் பார்த்து மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. சுருதி நிற்கிறதா, பள்ளம் இருக்கிறதா, துரு பிடித்ததா, அதைப் பாருங்கள்.

கையில் காசில்லாத நாளில் கம்பியைக் கொதிநீரில் போட்டு எடுத்து நன்றாய் உலர்த்தி மாட்டியிருக்கிறேன். சில நாள் பளிச்சென்று பேசும். பள்ளம் போகாது. (அந்தப் பாத்திரத்தை என் மனைவி திரும்பச் சமையலுக்கு எடுக்கவில்லை.)

மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நாலையும் ஒரேயடியாகக் கழற்றினால் கழுத்தின் இழுவிசை சட்டென்று விட்டுப்போகும். ஏலகிரிப் பனியில் துரு சீக்கிரம் ஏறும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்து உறையில் போடுங்கள்.

அடுத்த ப்ராக்டீசில், அதே ஆட்கள் முன்னால், தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். பழைய கம்பிகளை அவன் வீசவில்லை. சுருட்டிப் பையில் வைத்திருக்கிறான், ஆராதனை நடுவில் ஒன்று அறுந்தால் மாட்ட.