பொது வை-ஃபையும் பயண ரவுட்டரும்

கணினிப் பகுதி

கவுன்சிலிங்குக்காகக் குடும்பத்தோடு வெளியூர் போறோம். லாட்ஜ் அறையில் நாலு போன், ஒரு லேப்டாப். ஒவ்வொன்றிலும் தனித்தனியா லாகின் பண்ணணும். இந்தச் சிரமத்தைக் குறைப்பதுதான் பயண ரவுட்டர். உள்ளங்கை அளவுப் பெட்டி. பவர் பேங்கிலும் ஓடும்.

எப்படி வேலை செய்யுது?

நம்ம ஊர்ப் பழைய துறைமுகத்தை நினைத்துக் கொள்ளுங்கள். கரையோரம் ஆழம் குறைவு. 1974-இல் புதிய துறைமுகம் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்படும் முன், கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரம் போடும். தோணிகள்தான் சரக்கைக் கரை சேர்க்கும். எந்த மூட்டை எந்தக் கிட்டங்கிக்கு என்று கணக்குப் பார்த்துப் பிரிப்பார்கள்.

ரவுட்டரும் அப்படித்தான். லாட்ஜ் வை-ஃபைக்கு ரவுட்டர் என்ற ஒரு கருவி மட்டுமே தெரியும். நம் போன்கள் கேட்டதை எல்லாம் அது தன் முகவரியில் கேட்டு வாங்கி, யார் கேட்டது என்று குறித்து வைத்து, உரியவருக்குப் பிரித்துத் தரும். இதற்கு 'நாட்' என்று பெயர். உள்ளே இருக்கும் போன்களை வெளியாள் நேரடியாகத் தொட முடியாது என்பது கூடுதல் நன்மை.

அமைக்கும் முறை

1. லாட்ஜில் முதலில் அனுமதி கேளுங்கள். சில இடங்களில் இணைப்பைப் பகிரக் கூடாது என்று விதி இருக்கும்.
2. ரவுட்டரை ஆன் செய்து, அடியில் ஒட்டியிருக்கும் பெயர், பாஸ்வேர்டு மூலம் போனை அதில் இணையுங்கள்.
3. அதே சீட்டில் உள்ள முகவரியை பிரவுசரில் அடித்தால் அமைப்புப் பக்கம் வரும். அட்மின் பாஸ்வேர்டு, வை-ஃபை பாஸ்வேர்டு இரண்டையும் உடனே மாற்றுங்கள்.
4. 'ரிப்பீட்டர்' அல்லது 'விஸ்ப்' முறையைத் தேர்ந்தெடுத்து, லாட்ஜ் வை-ஃபையில் சேருங்கள்.
5. போனில் லாகின் பக்கம் வரும். ஒருவர் லாகின் பண்ணினால் பெரும்பாலும் எல்லாருக்கும் கிடைக்கும். ஏன்? லாட்ஜ் பார்ப்பது ரவுட்டரின் மேக் முகவரியை மட்டும்தான்.

லாகின் பக்கம் வரலையா?

வி.பி.என்., 'பிரைவேட் டி.என்.எஸ்.' இரண்டையும் சற்று நிறுத்திப் பாருங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் முகவரி மோதல் இருக்கலாம். லாட்ஜும் ரவுட்டரும் 192.168.1 என்றே தொடங்கினால் குழப்பம் வரும். ரவுட்டரை 192.168.50.1 என மாற்றினால் போதும். வேகம் குறைவா? வெளி இணைப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ், உள்ளே 5 கிகாஹெர்ட்ஸ் வையுங்கள். ஒரே அலைவரிசையில் வாங்கிக் கொடுத்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகும்.

கவனம்! கவனம்!

ரவுட்டர் எல்லாவற்றையும் காக்காது. ரவுட்டருக்கும் லாட்ஜுக்கும் இடைப்பட்ட வழி பொது வழிதான். அதே பெயரில் யாரும் போலி வை-ஃபை வைக்கலாம். 'இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல' என்று எச்சரிக்கை வந்தால் உடனே வெளியேறுங்கள். வங்கி வேலைக்கு மொபைல் டேட்டாவே மேல்.

இன்னொன்று முக்கியம். ரயில் நிலைய வை-ஃபையில் ஓ.டி.பி. ஏன் கேட்கிறார்கள் தெரியுமா? பயன்படுத்துபவர் யார் என்று பதிவு செய்ய வேண்டும் என்பது தொலைத்தொடர்புத் துறை விதி. அப்பாவின் எண்ணில் லாகின் செய்த ரவுட்டரின் பாஸ்வேர்டை முகம் தெரியாத ஒருவருக்குக் கொடுத்தால், அவர் செய்யும் தப்பு எல்லாம் அப்பாவின் எண்ணில்தான் பதிவாகும். அதனால் பாஸ்வேர்டு நம் வீட்டார்க்கு மட்டும்!

உங்களுக்குத் தெரியுமா?

* கூகுளின் ரயில் நிலைய இலவச வை-ஃபை 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கியது. கூகுளுடன் சேர்ந்து நடத்தியது ரெயில்டெல்.
* சிறு கடைகளும் பொது வை-ஃபை தர வழிசெய்யும் 'பி.எம். வாணி' திட்டத்துக்கு 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

யோசியுங்கள்: நாலு போனும் ரவுட்டர் வழியாகப் போனால், லாட்ஜ்காரர் கணக்கில் எத்தனை கருவி? விடையைக் காரணத்தோடு எழுதி, கணினி ஆசிரியரிடம் காட்டுங்கள்.