எருக்குழியிலிருந்து வெள்ளைக்கல் வரை

எங்கள் தாத்தாவின் ஊர் சோழவந்தான் பக்கம். அங்கே கோடை உழவுக்கு முன்பு ஒருவரையொருவர் கண்டால், "இந்த வருசம் எத்தனை வண்டி குப்பை அடிச்சீங்க?" என்று கேட்டுக்கொள்வார்கள். நிறைய வண்டி அடித்தவர் சற்றுப் பெருமையாகவே விடை சொல்லுவார். சாணம், அடுப்புச் சாம்பல், மாடு தின்று கழித்த வைக்கோல், வீடு பெருக்கிய கூளம், வாழை மட்டை ஆகிய யாவும் ஆண்டு முழுவதும் எருக்குழியில் கிடந்து மட்கி வயலுக்குப் போகும். அதற்குப் பெயர்தான் குப்பை. மதுரையில் எங்கள் தெருவிலும் அதே சொல்லைத்தான் வழங்குகிறோம். ஆனால் மூக்கைப் பொத்திக்கொண்டு வழங்குகிறோம். ஒரே சொல் சில கல் தொலைவுக்குள் இப்படிப் பொருள் மாறியது எவ்வாறு என்னும் கேள்வியே இக்கட்டுரை எழுதக் காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதுவது முறையன்று. சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தது. துண்டுகளைப் பொறுக்கி, பழைய சோற்றோடும் காய்த் தோலோடும் ஒரே பையில் போட்டு முடிச்சிட்டு வாசலில் வைத்தவள் நான்தான். மறுநாள் காலை வண்டியோடு வந்த தூய்மைப் பணியாளர் அக்கா, பையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டார். உள்ளங்கை கிழிந்துவிட்டது. அம்மா துணியை எடுத்துக்கொண்டு ஓடினார். "கண்ணாடின்னு ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்திருந்தா தனியா வாங்கியிருப்பேன்ல பாப்பா?" என்று மட்டும் அந்த அக்கா கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான்கு நாள் அவர் வரவில்லை. ஐந்தாம் நாள் கட்டோடு வந்தார். வேதியியல் படிக்கிறவள், ஆய்வுக்கூடத்தில் உடைந்த குழாயைத் தனித் தொட்டியில் போடப் பழகியவள், வீட்டில் அதை ஏன் செய்யவில்லை என்று அன்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அகழி தூர்ந்த கதை

மதுரைக்குக் குப்பைத் தொல்லை புதிதன்று. நாயக்கர் காலத்துக் கோட்டையைச் சுற்றியிருந்த அகழி, ஆங்கிலேயர் காலத்தில் அழுக்குத் தேங்கிய பள்ளமாகக் கிடந்தது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். வெளி வீதிகளும், மாரட் வீதியும், பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படிப் பிறந்தவை. பின்னிரண்டும் அந்த வேலையைப் பார்த்தவர்களின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கின்றன. கட்டட இடிபாட்டை வீணாக்காமல் பயன்கொண்டதற்கு நம் ஊரில் இதைவிடப் பெரிய சான்று தேட வேண்டியதில்லை. நாள்தோறும் அவ்வீதிகளில் நடந்து போகிறோம். காலடியில் கோட்டைச் சுவர் கிடப்பது நினைவுக்கு வருவதில்லை.

1866-இல் மதுரை நகராட்சி ஆயிற்று. 1971-இல் சென்னைக்கு அடுத்து, தமிழகத்தின் இரண்டாவது மாநகராட்சி ஆயிற்று. இடையில் 1924-இல் பாதாளச் சாக்கடைத் திட்டம் வந்தது. கழிவுநீர் தெற்கே அவனியாபுரத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கே மாட்டுத் தீவனப் புல் வளர்க்கப் பயன்பட்டது. குப்பையும் அதே திசையில்தான் போயிற்று. அவனியாபுரத்தை அடுத்த வெள்ளைக்கல்லில் பல்லாண்டுகளாகக் கொட்டப்பட்டது மலைபோல் குவிந்தது. ‘ஊருக்கு வெளியே’ என்பதுதான் அவ்விடத்தைத் தேர்ந்ததற்குரிய நியாயம். ஆனால் 2011-இல் அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் முதலியன மாநகராட்சியோடு இணைக்கப்பட்டு, 72 வார்டுகள் 100 ஆயின. வெளியே என்று எண்ணிய இடம் உள்ளே வந்துவிட்டது! குப்பை இடம் மாறவில்லை. ஊர்தான் அதை நோக்கி நடந்து போயிருக்கிறது. அங்குள்ள மக்கள் புகையையும் துர்நாற்றத்தையும் நிலத்தடி நீர் கெடுவதையும் பற்றி முறையிட்டு வந்திருக்கிறார்கள். அவர்களும் நம்மைப் போல வரி கட்டுகிறவர்களே.

குழிக்குள் நடப்பது என்ன?

இங்கே கொஞ்சம் பாடம் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். எருக்குழியில் வேலை செய்கிறவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுக்குக் கரிமம் உணவு; நைட்ரஜன் உடல் வளர்க்கும் பொருள். கரிமம் ஏறத்தாழ முப்பது பங்குக்கு நைட்ரஜன் ஒரு பங்கு இருந்தால் அவை உற்சாகமாகப் பெருகும். சருகிலும் வைக்கோலிலும் கரிமம் மிகுதி. சாணத்திலும் பச்சைக் காய்க் கழிவிலும் நைட்ரஜன் மிகுதி. தாத்தா இக்கணக்கைப் படித்தவர் அல்லர். ஆயினும் சாணத்தின்மேல் கூளத்தையும், கூளத்தின்மேல் சாணத்தையும் மாற்றி மாற்றிப் போட்டார். காற்றும் ஈரமும் அளவோடு கிடைத்தால் குவியலின் வெப்பம் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். அந்தச் சூட்டில் நோய்க் கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் மடிந்துபோகும். எஞ்சுவது மண் வாசனை வீசும் கறுத்த உரம்.

ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கிலேய அறிஞர் இந்தூரில் நம் உழவர்களின் வழக்கத்தைக் கண்டு, அதனை முறைப்படுத்தி 1931-இல் நூலாக வெளியிட்டார். அதுவே இந்தூர் முறை. குவியலை அவ்வப்போது கிளறிக் காற்றூட்டுவது அதன் சிறப்பு. நகரக் குப்பைக்கு ஏற்றபடி குழியில் அடுக்கி மண்ணால் மூடும் முறையை 1939-இல் சி. என். ஆச்சார்யா வகுத்தார், அது பெங்களூர் முறை எனப்படும். இதில் கிளற வேண்டியதில்லை, ஆனால் மட்கப் பல மாதம் ஆகும்.

அதே சோறும் அதே காய்த் தோலும் பாலிதீன் பையில் முடிச்சிட்டு, மலைபோன்ற மேட்டின் அடியில் அமுங்கினால் நடப்பது வேறு. காற்றுப் புகாத இடத்தில் வேறுவகை நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கும். மீத்தேன் வாயு உண்டாகும். அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடும் எழும். மீத்தேன் எரியக்கூடியது, வெயில் காலத்தில் குப்பை மேடுகள் தீப்பற்றி நாட்கணக்கில் புகைவதற்கு அதுவும் ஒரு காரணம். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிட இருபத்தைந்து மடங்குக்கு மேல் உலகை வெப்பமாக்க வல்லது. மழை பெய்தால் மேட்டிலிருந்து கறுத்த சாறு வடிந்து நிலத்தில் இறங்கும். நம் நாட்டு நகரக் குப்பையில் ஏறத்தாழப் பாதி, மட்கக்கூடிய பொருளே. எனவே பாதிக் குப்பை உரமாக வேண்டியது. கலந்த ஒரே குற்றத்தால் நஞ்சாகிறது.

சட்டம் வந்த வழி

1994-இல் சூரத்தில் பிளேக் நோய் பரவியபோது, குப்பை அள்ளாத நகரம் எப்படி நடுங்கும் என்பதை நாடே கண்டது. 1996-இல் அல்மித்ரா பட்டேல் என்னும் அம்மையார் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அதன் பயனாக 2000-இல் நகரத் திடக்கழிவு விதிகள் பிறந்தன. 2016-இல் வந்த விதிகள் அவற்றை விரிவுபடுத்தி, மட்கும் குப்பை, மட்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது வீட்டாரின் கடமை என்று வகுத்தன. அணையாடையையும் நாப்கினையும் நன்றாகப் பொதிந்தே கொடுக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருந்தது. இதைப் பற்றிப் பேச நம்மிற் பலர் கூச்சப்படுகிறோம். அவற்றை வெறுங்கையால் பிரிக்கிற பெண்ணின் கூச்சத்தை யாரும் கேட்பதில்லை.

2016 விதிகளில் மூன்று கூடை. வாசலில் ஒரே பை. இந்த இடைவெளியை எந்த இயந்திரத்தாலும் எளிதில் நிரப்ப முடியாது. உர ஆலை கட்டலாம், வார்டுதோறும் நுண்ணுர மையம் வைக்கலாம், பழைய மேட்டை அகழ்ந்து சலித்துப் பிரிக்கலாம். வெள்ளைக்கல்லில் இவ்வகை முயற்சிகள் நடந்திருக்கின்றன. ஆனால் கண்ணாடியும் பேட்டரியும் கலந்த உரத்தை எந்த உழவர் வாங்குவார்?

மீனாட்சியம்மன் கோயில் 2017-இல் நாட்டின் மிகத் தூய்மையான சிறப்பிடமாகத் தேர்வுபெற்றது. 2025 ஜூலையில் வெளியான மத்திய அரசின் தூய்மைக் கணக்கெடுப்பிலோ, பத்து இலட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நாற்பது நகரங்களில் மதுரை நாற்பதாவது! கோயிலுக்குள் போகிறவர்களும் நாம்தான், சித்திரை வீதியைத் தாண்டியதும் உறையைக் கிழித்து எறிகிறவர்களும் நாம்தான். மதிப்பெண் முறை சரியில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். இருக்கலாம். கடைசி வரிசை மாணவர்கள் எல்லாத் தேர்விலும் சொல்கிற சமாதானம் அது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பிளாஸ்டிக்கும் பேரீச்சம்பழமும்

நம் ஊர் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளக்கூடிய செய்தியும் உண்டு. தியாகராசர் பொறியியற் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இரா. வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கைச் சாலை போடப் பயன்படுத்தும் முறையை 2000களின் தொடக்கத்தில் கண்டறிந்தார். ஜல்லியை ஏறத்தாழ 160, 170 டிகிரிக்குச் சூடாக்கி, பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவினால், அது உருகிக் கல்லின்மேல் மெல்லிய பூச்சாகப் படியும். பின்னர் தார் சேர்க்க வேண்டும். பூச்சு ஏறிய கல்லில் நீர் புகாது. தாரும் இறுகப் பற்றும். தாரில் பத்தில் ஒரு பங்கு மிச்சம். ஒரு வழிச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் பிளாஸ்டிக் செலவாகும். இந்தச் சூட்டில் பிளாஸ்டிக் இளகுமே ஒழிய எரியாது என்பது இதில் உள்ள நுட்பம். பி.வி.சி. மட்டும் ஆகாது, சூட்டில் அதிலிருந்து குளோரின் கலந்த நச்சு வாயு வெளிப்படும். 2015-இல் மத்திய அரசு நகரங்களை ஒட்டிய நெடுஞ்சாலைகளில் இம்முறையைக் கட்டாயமாக்கியது. 2018-இல் பேராசிரியருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் சாலைக்குப் போகும் பிளாஸ்டிக் உலர்ந்திருக்க வேண்டும், சுத்தமாயிருக்க வேண்டும். சாம்பார் ஒட்டிய உறை மதுரையிலேயே பிறந்த இந்த முறைக்கும் உதவாது.

சட்டமும் விஞ்ஞானமும் வருவதற்கு முன்பே மறுசுழற்சி நம் தெருவில் நடந்துதான் வந்தது. ஈயம், பித்தளை, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவரை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுத்தார்கள். காயலான் கடையில் இன்றும் செய்தித்தாளுக்கு ஒரு விலை, அட்டைப்பெட்டிக்கு ஒரு விலை, பால் உறைக்கு ஒரு விலை. பிரித்துக் கொடுத்தால் விலை, கலந்து கொடுத்தால் எடை மட்டும். அந்தக் கடைக்காரர் எந்த விதியையும் படித்தவர் அல்லர். மஞ்சள் பையோடு வந்தவரைப் பட்டிக்காட்டான் என்று கேலி செய்த காலமும் இருந்தது. 2019 ஜனவரி முதல் நாள் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கியது.

கிராமத்தையும் விட்டுவைக்கவில்லை இந்தத் தொல்லை. தாத்தா ஊரில் எருக்குழி இருந்த இடத்தில் இப்போது மோட்டார் சைக்கிள் நிற்கிறது. மாடு இல்லை, சாணம் இல்லை. வீட்டுக் குப்பை கண்மாய்க் கரைக்குப் போகிறது. மழை பெய்தால் உறைகள் அடித்துக்கொண்டு வந்து மடையை அடைக்கின்றன. சென்ற முறை போனபோது, மடைவாயில் சிக்கிய பொட்டலத்தைத் தாத்தா கோலால் இழுத்துப் போட்டுவிட்டு, "இதை எந்த வயலுக்கு அடிக்கிறது?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு வாளியும் ஒரு தகர டப்பாவும் இருக்கின்றன. முதல் வாரம் அம்மா முணுமுணுத்தார். அப்பா டீத்தூளைத் தவறான வாளியில் போட்டுவிட்டு என்னைக் கண்டதும் திரும்ப எடுத்தார். மொட்டைமாடியில் அடியில் துளையிட்ட மண்பானை ஒன்றில் காய்த் தோலும் சருகும் அடுக்கிப் பார்த்தேன். முதல் முறை நீர் மிகுந்து புழு வைத்து நாறிவிட்டது. பக்கத்து வீட்டு அத்தை சண்டைக்கே வந்துவிட்டார். சருகைக் கூட்டியதும் சரியாயிற்று. தகர டப்பாவில் உடைந்த கண்ணாடி, பிளேடு, தீர்ந்த பேட்டரி. சனிக்கிழமை வண்டி வரும்போது அதை நானே கொண்டுபோய், "அக்கா, இதுல கண்ணாடி இருக்கு" என்று சொல்லிக் கொடுக்கிறேன். அவர் இடக்கையால் வாங்கிக்கொள்கிறார்.