எங்கள் நூலகக் கணினிக்கு எந்தச் செயலி?



முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்றது நம் கடற்கரை. இங்கே 1961ஆம் ஆண்டில்தான் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது. அந்நாளில் முத்துக்குளிப்பை அறிவிப்பதற்கு முன், கடலடியில் உள்ள பாரிலிருந்து சில சிப்பிகளை மாதிரிக்காக எடுத்து வருவார்களாம். அவற்றிலிருந்து முத்துக்களைப் பிரித்து, மதிப்புப் போட்டுப் பார்த்த பிறகே மேற்கொண்டு முடிவு செய்வார்களாம். ஊரார் சொல்லை மட்டும் நம்பித் தோணியைக் கடலில் இறக்குவதில்லை. இந்தச் செய்தியை நாங்கள் வரலாற்று வகுப்பில் கேட்டபோது, ஒரு கணினி வாங்குவதற்கு அது உதவும் என்று கனவிலும் நினைக்கவில்லை!

வெள்ளம் கொண்டுபோனது

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் நம் மாவட்டத்தில் பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அப்போது நாங்கள் எட்டாம் வகுப்பில் இருந்தோம். எங்கள் நூலகத்தில் இரண்டு கணினிகள் இருந்தன. திரைகள் மேசையின் மேல் இருந்ததால் பிழைத்துக்கொண்டன. சி.பி.யு. பெட்டிகளோ தரையில் இருந்தன. தண்ணீர் வடிந்தபின் பார்த்தால் உள்ளே சேறு. நூலகச் சகோதரி பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த புத்தகப் பட்டியலும் அதனோடு போயிற்று.

அதன்பின் இரண்டு ஆண்டுகள் மீண்டும் நோட்டுப் புத்தகத்தில்தான் பதிவு. இவ்வாண்டு பழைய மாணவியரும் பெற்றோரும் சேர்ந்து 30,000 ரூபாய் தந்தார்கள். அதில் உப்பளத்தில் வெயிலில் நின்று சம்பாதித்த பணமும் உண்டு. மீன் ஏலத்தில் கிடைத்த பணமும் உண்டு. தலைமையாசிரியைச் சகோதரி எங்கள் அறிவியல் மன்றத்தை அழைத்து, "என்ன வாங்கலாம் என்று நீங்களே விசாரித்து எழுதித் தாருங்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும்" என்றார்கள். எங்களுக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பிறர் பணம் அன்றோ?

ஏன் லினக்ஸ்?

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்த லினக்சை யார் வேண்டுமானாலும் விலையின்றிப் பெறலாம், பிறருக்கும் கொடுக்கலாம். நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் பாஸ் என்னும் லினக்சை உருவாக்கியது. தமிழக அரசு 2011ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எங்கள் அக்காமார் பெற்ற கணினிகளில் விண்டோசுடன் அதுவும் இருந்தது. லினக்சில் தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். இயங்குதளத்துக்கென்று பணம் தர வேண்டாம். அந்தப் பணத்தைப் பொருளுக்குச் செலவிடலாம். ஆகவே லினக்ஸ் என்பதில் எங்களுக்குள் வழக்கு எழவில்லை. வழக்கெல்லாம் செயலியைப் பற்றித்தான்.

செயலி என்றால் என்ன?

கடைத்தெருவில் 'பிராசசர்' என்று சொல்லப்படும் செயலியே கணினியில் கணக்கிடும் உறுப்பு. நம் வ.உ.சி. துறைமுகத்தை மனத்தில் கொண்டால் இது எளிதில் விளங்கும். செயலியின் உட்கருக்களை, அதாவது 'கோர்'களை, கப்பலிலிருந்து பெட்டகங்களை இறக்கும் பாரந்தூக்கிகள் எனக் கொள்வோம். கிகாஹெர்ட்ஸ் என்பது பாரந்தூக்கி அசையும் வேகம். நினைவகம் என்பது பக்கத்தில் உள்ள இறக்குமேடை. தகவல்களைச் சேமிக்கும் வட்டு தொலைவில் உள்ள கிடங்கு. கிடங்கிலிருந்து லாரி வரத் தாமதமானால் பாரந்தூக்கி எத்தனை இருந்தும் பயனில்லை, சும்மா நிற்கும். இந்த உவமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தோழியரே, பின்னால் தேவைப்படும்.

இரு போட்டியாளர்கள்

மேசைக் கணினிகளுக்குச் செயலி செய்வோரில் இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் முதன்மையான போட்டியாளர்கள். இன்டெல் 1968இலும் ஏ.எம்.டி. 1969இலும் அமெரிக்காவில் தொடங்கப்பட்டவை. 1981இல் ஐ.பி.எம். வெளியிட்ட கணினியில் இன்டெல்லின் 8088 செயலி இருந்தது. ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க ஐ.பி.எம். விரும்பவில்லை. எனவே ஏ.எம்.டி.யும் அதே வகைச் செயலிகளைச் செய்து தர ஒப்பந்தம் ஏற்பட்டது. அதனால்தான் இன்றுவரை இரண்டும் ஏறக்குறைய ஒரே கட்டளை மொழியைப் பேசுகின்றன.

இதில் நாங்கள் ஏமாந்த கதை ஒன்று உண்டு. டெபியன் லினக்சை இறக்கியபோது கோப்பின் பெயரில் 'ஏ.எம்.டி.64' என்று இருந்தது. "ஐயோ, இது ஏ.எம்.டி.க்கு உரியது; இன்டெல்லில் ஓடாது" என்று அதை அழித்துவிட்டோம்! பிறகுதான் உண்மை தெரிந்தது. இந்தச் செயலிக் குடும்பத்தை 64 பிட் ஆக்கும் முறையை 2003இல் முதலில் கொண்டுவந்தது ஏ.எம்.டி. பின்னர் இன்டெல்லும் அதையே ஏற்றுக்கொண்டது. பெயர் மட்டும் பழையபடி நின்றுவிட்டது. ஆக, அதே கோப்பு இரண்டிலும் ஓடும்.

எங்கள் முன் நின்ற மூன்று

விசாரித்ததில் மூன்று செயலிகள் எங்கள் பட்டியலில் நின்றன. முதலாவது ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600ஜி: ஆறு உட்கருக்கள், 65 வாட். இரண்டாவது இன்டெல்லின் கோர் ஐ3-12100: நான்கு உட்கருக்கள், 60 வாட். மூன்றாவது இன்டெல்லின் என்100: நான்கு சிறிய உட்கருக்கள், 6 வாட் மட்டுமே. இந்த வாட் எண், செயலி வெளிவிடும் வெப்பத்தை ஒட்டிக் குறிக்கப்படுவது. வெப்பம் மிகுந்தால் பெரிய விசிறி வேண்டும், மின்சாரமும் கூடுதலாகும்.

மன்றத்தில் இரண்டு கட்சிகள் உண்டாயின. ஒரு கட்சி ரைசன் என்றது. மற்றது ஐ3 என்றது. என்100ஐ யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "ஆறு பெரிதா, நான்கு பெரிதா?" என்று ஒரு வாரம் சண்டை. இயற்பியல் சகோதரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். எங்களுக்கு வாய் அடைத்துப் போயிற்று. அன்று மாலைதான் வேலைகளை எழுதினோம்: புத்தகப் பட்டியல், தமிழ்த் தட்டச்சு, பாடக் காணொளி, பைத்தான் நிரல் பழகுதல். அவ்வளவே!

இதற்கிடையில் கடையொன்றில் ஐ3-12100எஃப் என்று ஒன்றை விலை குறைவாகச் சொன்னார்கள். வாங்கியே விடுவோம் என்று துள்ளினோம். நல்லவேளை, அந்த 'எஃப்' என்ன என்று கேட்டோம். அந்த எழுத்து இருந்தால், படத்தைத் திரைக்கு அனுப்பும் வரைகலைப் பகுதி செயலிக்குள் கிடையாது. தனி வரைகலை அட்டை வாங்க வேண்டும். வாங்கியிருந்தால் கணினி ஓடும், திரை மட்டும் கறுப்பாகவே இருந்திருக்கும். ஓர் எழுத்தின் விலையைப் பார்த்தீர்களா?

மாதிரிச் சிப்பி எடுத்தோம்

லினக்சை நிறுவாமலே பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். ஒரு தோழியின் அண்ணன் வீட்டில் ரைசன் 5600ஜி கணினி இருந்தது. ஒரு கடையில் என்100 பெட்டியைச் சோதிக்க அனுமதி தந்தார்கள். எங்கள் அக்கா ஒருவரின் பழைய அரசு மடிக்கணினியையும் சேர்த்துக்கொண்டோம். மூன்றிலும் ஒரே பென் டிரைவ், ஒரே வேலைகள், கையில் கடிகாரம்.

முதலில் மூன்றிலுமே லிப்ரே ஆபீஸ் திறக்கத் தாமதித்தது. மூடிவிட்டு மறுபடி திறந்தோம், உடனே வந்தது! குறை செயலியில் இல்லை. முதல் முறை தகவல் மெதுவான பென் டிரைவிலிருந்து வந்தது. இரண்டாம் முறை நினைவகத்திலேயே இருந்தது. துறைமுக உவமை கண்முன் நின்றது: தாமதித்தது லாரியே, பாரந்தூக்கி அன்று. சுழலும் பழைய வட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. வாங்க வேண்டும் என்பது அப்போதே முடிவாயிற்று.

தட்டச்சிலும் பட்டியலிலும் என்100க்கும் ரைசனுக்கும் எங்கள் கடிகாரத்துக்கு வேறுபாடு தெரியவில்லை. பாடக் காணொளியும் இரண்டிலும் தடையின்றி ஓடியது. பகா எண்களைத் தேடும் பைத்தான் நிரலில் மட்டும் ரைசன் வெகுவாக முந்தியது. காணொளியைத் தொகுப்பதற்கும் அதுவே சிறந்தது என்று அண்ணன் சொன்னார். இரு நிறுவனங்களின் வரைகலைப் பகுதிகளையும் லினக்ஸ் தானாகவே அறிந்துகொண்டது. செயலி மிகப் புதிதானால் லினக்சும் புதிதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

எங்கள் முடிவு

எங்களுக்குக் கிடைத்த விலைப்படி, 30,000 ரூபாயில் ரைசன் கணினி ஒன்று வாங்கலாம். அல்லது 8 ஜி.பி. நினைவகமும் எஸ்.எஸ்.டி.யும் கொண்ட என்100 சிறு பெட்டிகள் இரண்டு வாங்கலாம். திரைகள் இரண்டு ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு வலிய கணினியின் முன் ஒருத்தி அமர, மற்றவர்கள் வரிசையில் நிற்பதா? இரண்டு எளிய கணினிகளில் இருவர் அமர்வதா? ரைசன் கட்சித் தலைவியே எழுந்து, "இரண்டே வாங்குவோம்" என்றாள். அவளுக்குத்தான் காணொளித் தொகுப்பில் ஆசை அதிகம். அந்த ஆசையை விட்டுக்கொடுத்தாள் என்பதை நாங்கள் இங்கே நன்றியோடு எழுதுகிறோம்.

நாங்கள் இழந்தவற்றையும் மறைக்காமல் அறிக்கையில் எழுதினோம். என்100 பலகையோடு பற்றவைக்கப்பட்டது. பிற்காலத்தில் செயலியை மட்டும் மாற்ற இயலாது. கனமான வேலைகளுக்கு அது ஏற்றதன்று. எனினும் வெப்பம் குறைவு. மின்தடையின்போது சிறிய யு.பி.எஸ்.ஸிலேயே நெடுநேரம் தாங்கும். நாங்கள் தேர்ந்த பெட்டிக்கு விசிறி இல்லை. ஆகவே உப்புக்காற்றையும் தூசியையும் உள்ளே இழுப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அது கையளவுதான். திரையின் முதுகிலேயே மாட்டிவிட்டோம். இனி வெள்ளம் வந்தாலும் தரையில் நனைய அங்கே ஒன்றுமில்லை! பழைய திரைகளில் வி.ஜி.ஏ. இணைப்பு மட்டும் இருந்ததால், எச்.டி.எம்.ஐ.யிலிருந்து மாற்றும் இணைப்பான் இரண்டு வாங்க நேர்ந்தது. புத்தகப் பட்டியலுக்கு வாரந்தோறும் ஒரு நகல் எடுத்து வேறோர் அறையில் வைக்கிறோம்.

"அப்படியானால் என்100தான் சிறந்த செயலியா?" என்று கேட்பீர்கள். இல்லை, தோழியரே! எங்கள் வேலைக்கு அது போதும் என்பதே எங்கள் விடை. படத் தொகுப்புச் செய்பவருக்கு ரைசனோ ஐ3யோ ஏற்றதாகலாம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது கணினிக்கும் பொருந்தும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் குழுவினர் 'சக்தி' என்னும் செயலியை வடிவமைத்து, 2018ஆம் ஆண்டிலேயே அதில் லினக்சை இயக்கிக் காட்டினார்கள். நமக்குப் பின் இந்த நூலகத்துக்கு வரும் தங்கையர் இப்படி ஒரு பட்டியல் எழுதும்போது, அதில் நம் நாட்டுச் செயலியும் ஒன்றாக நிற்க வேண்டும் என்பது எங்கள் அவா. அதை வடிவமைப்பவள் நம் பள்ளி மாணவியாகவும் இருக்கலாம் அல்லவா?

இப்போது நூலகச் சகோதரி புத்தகப் பட்டியலை முதலிலிருந்து ஏற்றி வருகிறார்கள். மதிய இடைவேளையில் நாங்கள் இருவர் இருவராகச் சென்று தட்டச்சு செய்கிறோம். நேரம் கிடைப்பவர் வந்து கைகொடுங்கள். இரண்டு இருக்கைகள் இருக்கின்றன!

— பத்தாம் வகுப்பு மாணவி, அறிவியல் மன்றத்தின் சார்பில்